கழிப்பறை வாசலில் பதினொரு மான்கள்

அன்புள்ள வியோரிகா,

உன் முட்டிவலி குறைந்ததா? உன் அம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே. செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் என் வனக்காவல் குடிசையின் வெளிக் கழிப்பறைக்குள் கால்சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன். வெளியே பதினொரு காட்டு மான்கள். கொம்புள்ள ஒன்று கதவை முட்டிக்கொண்டிருந்தது.

மான் மேல் எனக்குக் கோபமில்லை. மலைமேல் பனி உருகி, மறுபடி உறைந்து, பாறையாகிவிட்டது. புல்லைத் தோண்ட முடியாமல் இறங்கிவிட்டன. கோபமெல்லாம் எங்கள் வன அதிகாரி டோரு மேல்தான். உச்சியிலிருக்கும் தீவனக் கொட்டகையில் மான்களை எண்ணிக் கொடுத்தால்தான் கிறிஸ்துமஸுக்கு லீவாம்.

“மேல ஒண்ணுகூட இல்லீங்க. எல்லாம் கீழ வந்துருச்சு.”

“முப்பது வருஷமா டிசம்பர்ல மான் அங்கதான்யா நிக்குது. நீ மலையேறாம அடுப்புகிட்ட குந்திக்கிட்டு கதை விடுற.”

“அப்ப என் கக்கூஸ் கதவை முட்டுனது யாரு, உங்க மாமனாரா?”

லீவு போய்விட்டது. மூளையில்லாத மனுஷன்! இந்த வருடம் முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டி சர்மாலே செய்தால் என் பங்கையும் நீயே சாப்பிடு.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. உன் பழைய தலைக்குட்டையையும் வை, துவைக்க வேண்டாம். காதில் கட்டிக்கொள்ளத்தான். தபால் வண்டி வந்துவிட்டது.

உன் டிட்டு

பி.கு.: கழிப்பறையில் குளிர்காற்று நுழையாதபடி சுற்றிலும் காய்ந்த புல்லை அடுக்கியிருக்கிறேன். உச்சிக் கொட்டகையில் இருந்த தீவனப் புல் மொத்தமும் அதற்கே சரியாகிவிட்டது.