கரியறைக்குள் போன கோட்டுக்காரர்

நான்ட்கோச், பிப்ரவரி 12

அன்பு மகள் எலுனெட்டுக்கு, இங்கே எல்லோரும் சுகம், அப்பா போரில் வாங்கி வந்த இருமலும் சுகம். கனடாக் குளிர் உன்னை மிச்சம் வைத்திருக்கிறதா? (அக்கா, எழுதுவது நெஸ்டா. அம்மா கையெல்லாம் மாவு. அவள் சொல்வது பாதி, அடைப்புக்குறிக்குள் நான் சேர்க்கும் உண்மை மீதி.)

உன் தம்பி டெக்வின் வேல்ஸ் ரக்பி அணிக்கு ஆடிவிட்டானடி! ஆனால் அதற்குள் என் உயிர் போய் வந்தது. சுரங்கம் மூடியதில் அவன் வேலையில்லாமல் இருக்கிறானா, அதனால் இங்கிலாந்தின் வடக்கே காசுக்கு ஆடக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அப்படிப் போனவனுக்கு இங்கே ஆயுளுக்கும் ரக்பி கிடையாது, உனக்குத் தெரியாததா? கூப்பிட்ட வடக்கத்திக்காரர்களுக்கு அவன் இரண்டு தடவை மாட்டேன் என்று சொல்லி அனுப்பியும் பேச்சு நிற்கவில்லை, பிள்ளை சரியாகச் சாப்பிடவே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பால்கார பிரைஸ் ஓடிவந்து, அக்கா, ஆள் பிடிக்கிற வடக்கத்தி ஏஜெண்டு வர்றான், கோட்டைப் பாரு, நம்ம தெருவையே வாங்கிடுவான் போல என்றான். வந்தவர் டெக்வின் எங்கே என்றார். பின்னால் கரியறையில் இருக்கிறான், போய்ப் பாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னேன். (மரியாதையாகத்தான் தாழ்ப்பாளும் போட்டாள்.) தெருப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஆளா பிடிக்க வந்தே, கரியை அள்ளிக்கிட்டுப் போடா என்று மிஸஸ் பவல் கத்த, அம்மா, நான் வேல்ஸ் அணித் தேர்வுக் குழுவிலிருந்து வர்றேன் என்று உள்ளே இருந்து குரல். ஆமா, நான் ராஜாவோட சித்தி என்றேன்.

அப்பா வந்து, மைதானத்தில் கேட்ட குரல் என்று அடையாளம் கண்டு கதவைத் திறந்தார். நிஜமாகவே தேர்வுக் குழுக்காரர்! பல் மட்டும்தான் வெள்ளை. என் கையாலேயே பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரோ மூன்று கப் தேநீர் குடித்துவிட்டு, உங்க பையன் வடக்கே போறானான்னு விசாரிக்கத்தான் வந்தேன், பதில் கோட்டு முழுக்க ஒட்டியிருக்கு என்றார்.

போன சனிக்கிழமை ஸ்வான்ஸீயில் ஸ்காட்லாந்தோடு ஆட்டம். கடைசி நிமிடம் வரை சமம். மூன்று பேர் இடுப்பில் தொங்க, அவர்களையும் இழுத்துக்கொண்டு நம் பிள்ளை பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான், ஜெயித்துவிட்டோம்! மைதானமே எழுந்து பாட, எனக்குத் தொண்டை போயிற்று. (வீட்டில் இரண்டு நாள் நிம்மதி.)

ஆண்டவர் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிடாதே. தம்பிக்கு இரண்டு வரி எழுது.

உன் அம்மா,
ப்ளாட்வென்

(பின்குறிப்பு: வேல்ஸ் ஆட்டக்காரருக்குத் தரும் சிவப்புத் தொப்பி இன்று வந்தது. வீங்கின காதோடு அண்ணன் தலையில் இறங்கவில்லை. குஞ்சம் ஆட ஆட அம்மாதான் அதைப் போட்டுக்கொண்டு இவ்வளவும் சொன்னாள். கழற்று என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.)