பாதி மூடிய கிணறு

மேலகரம்,
ஆவணி 25

அன்புள்ள அத்தானுக்கு உமாராணி எழுதிக்கொள்வது. உங்கள் அம்மாவும் நம் பிள்ளையும் இங்கே சுகம். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். ஜோத்பூர் வெயிலில் உங்களுக்கு மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்ததே, நின்றுவிட்டதா?

ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நான் பேச்சை ஆரம்பித்தாலே, 'டூட்டிக்கு நேரமாவுது, பொறவு பேசுதேன்' என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் உங்கள் பெட்டியில்தானே கிடக்கும்.

இந்த வருஷம் சாரல் நன்றாக இருந்தது. வாடகைக்கு விடும் நம் மாடி வீட்டில் குற்றாலத்துக்கு வரும் சீசன் ஆட்கள் ஒழியவே இல்லை. உங்கள் தம்பி சங்கிலிப்பாண்டிக்கு இலத்தூர்ப் பெண் வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஐப்பசியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டு மாடத்தி அக்காவின் மகள் சங்கரேஸ்வரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள் அல்லவா. வாந்தியும் பேதியுமாகத் தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, போன வாரம்தான் வீடு வந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இனி நீங்கள் கேட்க விரும்பாத விஷயத்துக்கு வருகிறேன்.

மகளிர் குழுவில் சொல்லிக் கொடுத்ததிலிருந்து வீடு கழுவ நான் கடைச் சாமான் வாங்கியதே இல்லை. ஜூஸ் கடையில் தூக்கிப்போடும் எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. மூன்று மாதம் கேனில் ஊற வேண்டும். பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை வேகவைத்த தண்ணீர். ஆசிட் மாதிரிப் பளிச்சென்று ஆகாது, கறை போக இரண்டு தடவை கூடத் தேய்க்கத்தான் வேண்டும். ஆனால் செப்டிக் டேங்குக்குள் கழிவைத் தின்கிற கிருமியை அது கொல்லாது. நம் டேங்க் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்றுதான் அத்தனை பாடும் பட்டேன். நீங்கள் லீவில் வந்தபோது கேன்களைப் பார்த்து, 'ஏட்டி ஊறுகாய்க்காரி' என்று கூப்பிட்டீர்கள். அப்போது அது எனக்குப் பிடித்திருந்தது.

சீசன் ஆட்கள் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறார்கள். கூட்டத்தில் சரியாகக் குளிக்க முடியாமல் திரும்பி வந்து, மிச்ச எண்ணெயை நம் மாடியில்தான் ஷாம்பு போட்டுக் கழுவுகிறார்கள். முன்பெல்லாம் குளிக்கிற தண்ணீர் தென்னைக்குப் போகும். சேறாகக் கிடந்தால் வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று, இந்த வருஷம் உங்கள் தம்பி அந்தக் குழாயையும் டேங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தான். வேண்டாம் என்றேன். 'மதினி, ஒங்க வேலையப் பாருங்க' என்றான். எண்ணெய் டேங்கில் ஆடையாக மிதந்தது, குழாய் அடைத்தது. என் கேன்களைப் புளிச்ச வாடை அடிக்கிறது என்று தென்னை மூட்டில் கவிழ்த்துவிட்டு, ஆசிட்டை வாங்கி வந்து கேன் கேனாக ஊற்றினான். பாத்ரூம் பளபளவென்றுதான் ஆயிற்று, டேங்கில் கிருமி செத்துக் கழிவு அப்படியே தேங்கிவிட்டது. ஆடிக் கடைசி மழையில் டேங்க் பொங்கி, மூடி இடுக்கு வழியாக வழிந்து, கிணற்றுப் பக்கம் இறங்கியது.

நடு மதில் கிணற்றின் மேலேயே போகிறது, பாதி நமக்கு, பாதி மாடத்தி அக்கா வீட்டுக்கு. நாங்கள் நாற்றத்தைக் கண்டுபிடிப்பதற்குள் சங்கரேஸ்வரி அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டாள்.

கழிவுநீர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டிருந்தபோது உங்கள் தம்பியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, 'என்னை ஏன் ஏசுதீக? அண்ணன்ட்ட கேட்டுத்தான் ஊத்துனேன். அவ பேச்சக் கேக்காத, ஆசிட்ட ஊத்துலேன்னான்' என்றான்.

அன்று சாயங்காலம் உங்கள் ஃபோன் வந்தது. நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்துத்தான் எடுத்தேன். நீங்கள் சொன்னது இதுதான்: 'தம்பி ஊத்துனதுன்னு தெரிஞ்சா எலத்தூர்க்காரங்க பொண்ணு குடுக்க யோசிப்பாங்க. ஒன் ஊறுகாய்த் தண்ணியாலதான்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுரு. பொம்பளைக்கு இதுல என்ன கொறஞ்சிரப் போவுது.'

போனேன். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டிருந்த மாடத்தி அக்கா முன்னால் நின்று, நான் செய்யாததை நான் செய்தேன் என்று சொன்னேன். அவர்கள் ஏசவில்லை. 'ஒன்ன நம்பித்தானட்டி அந்தத் தண்ணிய மொண்டோம்' என்று மட்டும் சொன்னார்கள். மறுநாள் அவர்கள் பக்கத்துப் பாதிக் கிணற்றைத் தகரம் போட்டு மூடிவிட்டார்கள். என் பிரசவத்தில் எனக்குப் பத்தியச் சோறு கொண்டுவந்து தந்தவர்கள், இப்போது என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார்கள். குழுவிலும் இனி இந்தக் கரைசலைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தெருப் பிள்ளைகளுக்கு என் பெயர் ஊறுகாய்க்காரி. உங்களிடமிருந்து எப்படி அவர்களுக்குப் போயிற்றோ தெரியவில்லை.

குளிக்கிற குழாயைத் திரும்பத் தென்னைக்கே திருப்பிவிட்டேன். ஆசிட்டை நிறுத்தியதும் டேங்க் மெல்ல மெல்லச் சரியாகி வருகிறது, நாற்றம் இல்லை. கிணற்றையும் இறைத்து, மருந்து போட்டு, தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தையும் உங்கள் தம்பியும் அதைத்தான் குடிக்கிறார்கள். நான் தெருக்குழாயில் பிடித்து வந்து குடிக்கிறேன். அந்தப் பக்கம் தகரம் கிடக்கும்போது, இந்தப் பக்கம் வாளியை இறக்க எனக்குக் கை வரவில்லை.

கல்யாணத்துக்கு லீவு கிடைத்துவிட்டதாக அத்தை சொன்னார்கள். சந்தோஷம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே நம் வீட்டுக்கு வராதீர்கள். அடுத்த வாசலுக்குப் போய், மாடத்தி அக்காவிடம் யார் ஊற்றச் சொன்னது என்று சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் தம்பியின் கல்யாணம் அதனால் நின்றுபோகுமென்றால், என் மானத்தைக் கொடுத்துத்தான் அது நடக்க வேண்டுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாமல் வந்தாலும் சோறு பொங்கி வைப்பேன், துணி துவைத்துப் போடுவேன். ஊறுகாய்க்காரி என்று மட்டும் இனிமேல் கூப்பிடாதீர்கள்.

என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன் என்றேன். இதுதான் அது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குற்றாலநாதர் உங்களுக்குத் துணை இருக்கட்டும். நீங்கள் குடிக்கிற தண்ணீராவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைத் தட்டாத
உமாராணி