வள்ளமா, வெள்ளமா

8.10.12, திங்கள்

காலையிலிருந்தே தூறல். கரண்ட் இல்லை. லேப்டாப்பில் கால்வாசி சார்ஜ். ஜெனி மட்டும் வீட்டில் இருந்திருந்தால் அதையும் பொம்மைப் படம் பார்த்தே தீர்த்திருப்பாள். நல்லவேளை, பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் இந்த மாதம் 31. இது இரண்டாவது நீட்டிப்பு, இனிமேல் கிடையாது. கொடுத்த ரசீதைக் காட்டினால் கல்லூரியில் என் வேலை நிரந்தரம். காட்டாவிட்டால் அடுத்த வருஷம் தமிழ்த்துறைக்கு வேறு ஆள். தாளாளர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

லிஸிக்கும் இதே மாதக் கடைசிதான் கெடு. குவைத் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கிறாளா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். நேற்று போனில்: "நீங்க குடுத்தாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் ஒப்பு போடாம பெட்டியக் கெட்டுதேன்." ஜெனியை இரண்டு வயதில் என்னிடம் விட்டுவிட்டுப் போனவள். இடையில் லீவுக்கு வந்து போனதோடு சரி. இப்போது ஜெனி மூன்றாம் வகுப்பு.

மீதி வேலை: நூற்பட்டியல். பழைய எழுத்துருவில் அடித்தது எல்லாம் யூனிகோடுக்கு மாற வேண்டும் (பல்கலைக்கழகத்தின் புது உத்தரவு, நாசமாய்ப் போக). எழுத்துப்பிழை. பைண்டிங். தலைவலி.

9.10.12, செவ்வாய்

கம்ப்யூட்டர் துறை பெனடிக்ட் (இனி பெ.) ஸ்டாஃப் ரூமில் பிடித்துக்கொண்டான். "எல்லாம் ஓசியில கெடக்கு மக்கா. நீ எதுக்கு கெடந்து சாவுத?" உட்கார்ந்து ஒரு தாளில் எழுதியே கொடுத்தான். எல்லாம் இணையத்தில், எல்லாம் இலவசம்:

- நூற்பட்டியல் போடும் மென்பொருள். ஆசிரியர் பெயர், வருஷம் கொடுத்தால் அதுவே அடுக்கித் தரும்.
- எழுத்துரு மாற்றி.
- மற்றவர்களின் ஆய்வேடுகள், முழுசாக, படிக்க.
- தமிழ்ப் பிழைதிருத்தி.
- கோப்புகளைப் போட்டுவைக்க ஓர் இடம். கம்ப்யூட்டர் செத்தாலும் கோப்பு சாகாதாம். என் டேட்டா கார்டு நத்தை. இது அப்புறம்.

நூற்பட்டியல் மாலைக்குள் முடிந்தது. மாதக்கணக்கில் அட்டை அட்டையாக எழுதி அடுக்கியவன் நான். சந்தோஷமா எரிச்சலா, தெரியவில்லை. வேறொருவர் ஆய்வேட்டைத் திறந்து பார்த்தேன். என்னுடையது அதைவிட மோசமில்லை. கொஞ்சம் தெம்பு.

10.10.12, புதன்

வெயில்! துணி துவைத்தேன்.

எழுத்துரு மாற்றி அருமை. மேல்பெட்டியில் பழையதை ஒட்டினால் கீழ்ப்பெட்டியில் புதியது. சில இடத்தில் கொம்பு மட்டும் எழுத்தை விட்டு ஓடியது, பிடித்து நிறுத்தினேன். எல்லா அத்தியாயமும், பின்னிணைப்பில் உள்ள மீனவர் நேர்காணல்களும் மாற்றியாயிற்று. இரண்டு பிரதி இருந்தால் குழப்பம் என்று பழைய கோப்புகளை அழித்தேன். பென்டிரைவிலிருந்தும். வீடு பெருக்கி முடித்த மாதிரி இருந்தது.

மீன் வாங்கவில்லை. முட்டைதான்.

11.10.12, வியாழன்

பிழைதிருத்தி. முதல் அத்தியாயத்திலேயே அத்தனை சிவப்புக்கோடு. ஒற்று மிகுமிடம், மிகா இடம்... வகுப்பில் நான் நடத்துவதே அதைத்தான். தமிழ் வாத்தியார் மானம் கப்பலேறியது.

ஒவ்வொன்றாகச் சரி சொல்லிக்கொண்டு போனால் கரண்ட் போவதற்குள் முடியாது. பக்கத்தில் ‘எல்லாம் மாற்று’ என்று ஒரு பொத்தான். அமுக்கினேன். அடுத்த அத்தியாயத்துக்கும். நேர்காணல்களுக்கும். சேமித்து மூடினேன். மூடியதும் கரண்ட் போனது. மின்வாரியத்தை இன்று ஜெயித்துவிட்டேன்.

ஜெனி: "அம்மா கிறிஸ்மஸுக்கு வருமா?" அப்பா புக்கைக் கொடுத்ததும் வரும் என்றேன்.

12.10.12, வெள்ளி

கடவுளே.

நேர்காணல்களைத் திறந்தேன். குளச்சலிலிருந்து இராஜாக்கமங்கலம் வரை கடற்கரையில் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் வாயில் வந்தது மாறாமல் எழுதியது. அதுதான் என் ஆய்வே. பிழைதிருத்திக்கு அவ்வளவும் பிழை.

சாளை மீன், சாலை ஆகிவிட்டது. "சாலை நெறையப் பட்டுது." வலையில் ரோடு பட்டிருக்கிறது.

நீவாடு என்றால் கடல் நீரோட்டம். இப்போது "நீ வாடு". அதில் ஒரு வகை வாநீவாடு. அது "வா நீ வாடு".

வள்ளம், அதாவது படகு, எல்லா இடத்திலும் வெள்ளம். "வெள்ளத்துல கேறி வல போட்டோம்."

வா, நீ வாடு என்று கம்ப்யூட்டர் என்னைப் பார்த்தே சொல்கிறது. சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை.

பெ.யிடம் ஓடினேன். "நேர்காணலுக்குமா அமுக்கின? ஏலே, பழைய காப்பி இருக்கும்லா?" அழித்துவிட்டேன் என்றேன். "சவத்த, அதையுமா!" தலையில் கை வைத்துக்கொண்டான். லேப்டாப்பை வாங்கி எதையெதையோ போட்டுத் தேடினான். இல்லை.

ஒலிப்பதிவும் இல்லை. எழுதி முடித்தாயிற்றே என்ற தைரியத்தில் போன வருஷம் அந்த மெமரி கார்டை அழித்துத்தான் ஜெனியின் ஆண்டுவிழாப் பாட்டைப் பதிந்தேன்.

13.10.12, சனி

புத்தி வரவில்லை எனக்கு. மாற்றியதை அதே வழியில் திரும்ப மாற்றலாம் என்று இறங்கினேன். சாலையை எல்லாம் சாளை ஆக்கினேன். நாகர்கோவில் சாலையும் நாகர்கோவில் சாளை ஆனது, அதைத் திருத்தினேன். நீ வாடு, சேர்த்தாயிற்று. அடுத்து வெள்ளத்தை எல்லாம் வள்ளம் என்று மாற்றினேன்.

மாற்றிய பிறகு உறைக்கிறது. எங்கள் ஊரில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர்! "குடிக்க வள்ளம் இல்ல." "மீன வள்ளத்துல கழுவி." சுனாமியைப் பற்றிப் பேசியது முழுக்க வெள்ளம்தான், அதுவும் இப்போது வள்ளம். எது படகு, எது குடிதண்ணீர், எது கடல் ஏறி வந்தது? கம்ப்யூட்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மதுரைக்காரனாகப் பிறந்திருந்தால் இந்தக் கஷ்டமே வந்திருக்காது.

லிஸி கூப்பிட்டாள். நிதானமாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறந்ததும் அழுகை. "எல்லாம் போச்சு லிஸி. இனி ஒண்ணும் நடக்காது." "ஜெனி பக்கத்துல இல்லல்லா? அது முன்னால அழாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

16.10.12, செவ்வாய்

மழை. திருநெல்வேலியில் இருக்கும் கைடுக்கு போன் செய்தேன். "இருக்கத அப்படியே குடுத்திருங்க தம்பி. யாரு வரி வரியா படிக்கப் போறா?" அந்த ‘யாரு’வில் அவரும் சேர்த்தி.

கொடுத்தால் வேலை நிற்கும். லிஸி வருவாள். பின்னே எதற்கு இந்த வீம்பு? ஆனால் நான் எழுதியிருப்பதே கடற்கரைச் சொற்களைப் பற்றி. சொல்லே தப்பென்றால் அட்டைக்குள்ளே என்ன இருக்கிறது? வெறும் பைண்டிங்.

ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்து முடிவு செய்வது. வேறு வழி இல்லை.

19.10.12, வெள்ளி

வீட்டில் கரண்ட் வருவதும் போவதும் ஒன்றுதான். கல்லூரி விட்டதும் கருங்கல் பஜாரில் பிரவுசிங் சென்டர். அங்கே ஜெனரேட்டர் உண்டு. சத்தம் காதைக் கிழிக்கிறது.

கரையேற்றினால் படகு. குடத்தில் கோரினால் தண்ணீர். ஓட்டை விழுந்தால் படகு. கொதித்தால் தண்ணீர். வீட்டுக்குள் ஏறினால் சுனாமி.

பக்கத்து நாற்காலியில் ஒருவர், விசா தாளை அச்செடுக்க வந்தவர், எட்டிப் பார்த்தார். "என்ன சாரே, ஒரே வார்த்தையையே நோக்கிட்டு இருக்கிய?" பதில் சொல்லவில்லை. சொன்னால் அடித்திருப்பேன்.

லிஸியின் போன் வந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி அழுவேன். சரியானதும் நல்ல சேதியாகச் சொல்லலாம்.

கண் எரிகிறது. கேஸ் புக் பண்ண வேண்டும். ஜெனிக்கு சாக்ஸ்.

22.10.12, திங்கள்

எல்லாம் சரியாயிற்று, ஒன்றைத் தவிர.

குளச்சல் பிலோமி அக்கா. மீன் விற்பவர். கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். அவர் சொன்னது இப்போது இப்படி இருக்கிறது: "வள்ளம் வந்துது, ஆளு வரல்ல."

இது வள்ளம்தான் என்றால், படகு திரும்பியது, கணவர் திரும்பவில்லை. வெள்ளம் என்றால் அவர் சுனாமியில் போனார். முன்னும் பின்னும் வாசித்துவிட்டேன். இரண்டையும் கலந்துதான் பேசியிருக்கிறார். எதிரில் உட்கார்ந்து கேட்டவன் நான். அவர் அழுதது ஞாபகம் இருக்கிறது, சொன்னது ஞாபகம் இல்லை. என்ன மனுஷன் நான்.

பெ.: "அந்த ஒரு வரியத் தூக்கிப் போடு மக்கா." தூக்கினேன். மறுபடி போட்டேன். அதை எடுத்துவிட்டால் அந்த நேர்காணலில் மிச்சம் மீன் பெயர்கள்தான்.

லிஸி மறுபடி கூப்பிட்டிருக்கிறாள்.

24.10.12, புதன்

பூஜை லீவு. ஜெனியைப் பெ. வீட்டில் விட்டுவிட்டு குளச்சல்.

ஏலம் முடிந்து கடற்கரை காலி. பிலோமி அக்கா வீட்டு முன்னால் மீன்சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "வாருங்க சாரே. புக்கு வந்தாச்சா?"

வரவில்லை, ஒரு சந்தேகம் என்றேன். எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அக்கா, அண்ணன் போனதப் பத்திச் சொன்னீங்கல்லா. வள்ளம் வந்துது ஆளு வரல்லன்னு சொன்னீங்களா, வெள்ளம் வந்துதுன்னு சொன்னீங்களா?"

கை நின்றது.

"அண்ணைக்குப் பறஞ்சத மிஷின்ல பிடிச்சியளே. அதப் போட்டுக் கேளுங்க."

அது அழிந்துவிட்டது என்றேன்.

"அழிஞ்சுதா, அழிச்சியளா?"

"அழிச்சேன்."

"நல்ல காரியம்." மறுபடி தேய்க்கத் தொடங்கினார். "மனுஷிய அழ வச்சு எடுத்துட்டுப் போவுது. பிறவு அத அழிச்சுப் போட்டு, இன்னும் ஒருக்கா சொல்லுன்னு வருது. நீங்க எல்லாம் படிச்ச ஆளுவதானா?"

மன்னிச்சிருங்க அக்கா என்று திரும்பினேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"வள்ளம்தான். வள்ளம் வந்துது, அவரு வரல்ல. வெள்ளம் வந்தது அதுக்குப் பிறவாக்கும். அண்ணைக்கு அவரு இருந்திருந்தா, பிள்ளையளத் தூக்கிட்டு ஓட ஒரு ஆளு இருந்திருக்கும்."

பிள்ளைகளா? நேர்காணலில் பிள்ளைகளே இல்லை. நான் கேட்டதெல்லாம் வலையின் பெயர், மீனின் பெயர், காற்றின் பெயர். இப்போதும் கேட்கவில்லை. நின்றேன், வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு ஏறினேன்.

27.10.12, சனி

பிரிண்ட். பைண்டிங்குக்கு நாகர்கோவிலில் கொடுத்தாயிற்று, திங்கள் தருவார்களாம். அட்டை நீலம். பொன்னெழுத்து. பெ. சொன்ன அந்த இலவச இடத்திலும் ஒரு பிரதி போட்டேன். இப்போது போட்டு என்ன.

லிஸிக்கு ஒரு மெசேஜ்: வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன். ரசீது கைக்கு வந்த பிறகுதான் பேசுவது. அதற்கு முன்னால் சொல்லி, மறுபடி ஏதாவது ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

30.10.12, செவ்வாய்

கனத்த மழை. ஆய்வேட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, திருநெல்வேலி வரைக்கும் மடியிலேயே. பல்கலைக்கழக ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. முத்திரை குத்திய ரசீது. வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தது. முடிந்தேவிட்டது!

வழியில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, ஜெனியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு லிஸியைக் கூப்பிட்டேன்.

"குடுத்தாச்சு லிஸி! எல்லாம் சரியாக்கிட்டேன். ரசீது கையில இருக்கு."

லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்று கத்தினேன்.

"கேக்குது" என்றாள். "எல்லாம் போச்சுன்னு நீங்கதான சொன்னிய. பிறவு போன எடுக்கவும் இல்ல. நான் என்னன்னு நினைக்க? ரெண்டு பேருக்கும் வேல இல்லன்னா ஜெனிய எப்படிப் படிக்க வைக்க? நேத்து ஒப்பு போட்டுக் குடுத்துட்டேன். ரெண்டு வருஷத்துக்கு."

திரும்ப வாங்க முடியாதா என்றேன். முடியாதாம். பாஸ்போர்ட்டும் அவர்கள் கையில்.

"சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். காலையிலிருந்து ஒன்றும் இல்லை.

ஜெனி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "அம்மா, எந்த நாளு பிளைட்டு?"