நல்லாக் குடிக்கிறான்

புதன்கிழமை, இரவு

நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்த என் பிள்ளை கவினை இன்று மறுபடி காட்டப் போனோம். நாத்தனார் துணைக்கு வந்தாள். பெரம்பலூர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் என் மடியிலேயே தூங்கினான்.

"பால் குடிக்கிறானா?" என்று டாக்டர் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களின் கண்ணெல்லாம் பிள்ளைமேல்தான். நாத்தனார் முந்திக்கொண்டாள். "எங்க சார், ஏதோ நாலு வாய் சப்புறான்."

கண் பட்டுவிடக் கூடாதாம். ஊரில் எல்லோரும் சொல்கிற பொய்தான். டாக்டர் நிஜமென்று நம்பிவிட்டார். "அப்ப மறுபடி அட்மிட் பண்ணிடலாம்" என்று பேனாவை எடுத்தார்.

ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன அந்தச் சின்னப் புறங்கை இன்னும் ஆறவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. "நல்லாக் குடிக்கிறான் சார்! ரெண்டு பக்கமும் குடிச்சிட்டு இன்னும் வேணும்னு அழுவுறான்!" என்று கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. டாக்டர் கவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். சளி இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்.

வந்ததும் நாத்தனார் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். "அத்தன பேரு முன்னாடி இப்படியா வாய விடுவ?" என்று இன்னும் முணுமுணுக்கிறாள்.

விடுவேன். நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இதோ எழுந்துவிட்டான். பாலுக்குத்தான் இந்தக் கத்தல். தெருவுக்கே கேட்கட்டும்.