களம்பூருக்கு ஓர் அழைப்பு

மே 10, ஞாயிறு

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஏழு வருடம். கேட்க ஆள் இல்லை, இந்த நோட்டிடமாவது சொல்லிவைக்கிறேன்.

வெயில் நூற்று ஆறு. அக்னி நட்சத்திரம். இதில் மொட்டை மாடியில் நெருப்பு மூட்டிக் கறி சுடப் போகிறானாம் என் தம்பி சேகர். நேற்று பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். மனைவி, பிள்ளைகள், கார் டிக்கியில் கால் வைத்த இரும்புப் பெட்டி ஒன்று. பார்பிக்யூ அடுப்பு. கோடை விடுமுறை முடிவதற்குள் ஒரு சாயங்காலம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் சேவூர் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும்.

"நீ தமிழ் வாத்தியாரு. அழைப்ப நீயே எழுதிக் குடுண்ணா."

அப்பா கட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ள நான். தென்னைக்குத் தண்ணீர் விட நான். அழைப்பு எழுதவும் நான். நாலு வரி, சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். அதை ஓரம் வைத்துவிட்டு, கோழிக்கால் படம், ஆங்கிலத்தில் என்னவோ, '16 சனி மாலை 6' என்று போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டான்.

கேட்டதற்கு: "உன்னுது கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்குதுண்ணா."

வாங்க வேண்டியவை: அடுப்புக்கரி (சலவைக் கடையில் கேட்க), எலுமிச்சை, தயிர், நீளக் கம்பி. எனக்கு ஜெலுசில்.

மே 11, திங்கள்

16 அமாவாசை. நேற்றே பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

காலையிலிருந்து போன் மேல் போன். முள்ளிப்பட்டு சித்தப்பா தறியில் உட்கார்ந்தபடியே கத்தினார். "ஏம்பா, அமாவாசையும் அதுவுமா உங்கப்பனுக்குப் படையல் போடுவியா, கோழி சுடுவியா?"

சரி, மறுநாள் ஞாயிறு என்றான் சேகர். என் மனைவி மல்லிகா சமையலறையிலிருந்து, "அன்னிக்குக் கிருத்திகை. கவிச்சி தொட மாட்டாங்க."

"இன்னாண்ணா இது, பேஜாரு! தெரிஞ்சுகினே சும்மா இருந்தியா?"

"நீ கேக்கலையே."

24 ஞாயிறு என்று மாற்றியாயிற்று. ஆனால் மாற்றிய தேதியை வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒருவரும் வர மாட்டார்கள், வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். இது சித்தப்பாவின் தீர்ப்பு. வண்டியில் சேகர் முன்னால், நான் பின்னால். பதினான்கு வீடு. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. சித்தி வீட்டில் மட்டும் கொஞ்சம் நீண்டது.

"காது குத்தா, மஞ்சத்தண்ணியா?"

"ஒண்ணும் இல்ல சித்தி. சும்மா."

"சும்மாவுக்கா இந்த வெயில்ல அண்ணனும் தம்பியும் சுத்திகினு கீறீங்க?"

மோர் கொடுத்தாள். உப்பு அதிகம்.

மே 13, புதன்

பட்டியலில் ஒரே ஒரு பெயர் பாக்கி. களம்பூர், லலிதா அக்கா. எங்கள் இருவருக்கும் மூத்தவள். குழுவிலிருந்து எப்போதோ விலகிவிட்டவள். சேகர் போன் போட்டான். வேண்டுமென்றே ஸ்பீக்கரில், என் எதிரில்.

"எங்கம்மா வூட்டுக்கு நான் வர்றதுக்கு நீ பெங்களூர்லேர்ந்து வந்து கூப்பிடணுமாடா? அந்த வூட்ல இருக்கிறவன் கூப்பிடட்டும். அவன் வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

அதே குரல். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

நடந்ததை நடந்தபடி: ஏழு வருடத்துக்கு முன் அவள் மகள் கல்யாணம். முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. இரண்டு தாய்மாமன் இருந்தால் மூத்தவனுக்கு, அதாவது எனக்கு. அவர்களோ சாமான் வாங்கப் பெங்களூர் போன இடத்தில் சேகருக்குத் தட்டு வைத்து அழைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தார்கள். அதுவும் நான் இல்லாத நேரம். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. மாமன் மாலையைச் சேகர் ஒருவனே போட்டான். அன்றிலிருந்து அக்கா இந்த வாசல் மிதிக்கவில்லை.

போனை வைத்துவிட்டுச் சேகர் சொன்னான்: "சுகர் ரொம்ப ஏறிப்போச்சுண்ணா அதுக்கு. கால்ல புண்ணு, ஆறவே இல்ல. விரல எடுக்கணும்னு சொல்லிகினு இருக்காங்க. இப்ப வரலன்னா எப்ப வரும்?"

நான் தென்னைக்குத் தண்ணீர் விடப் போய்விட்டேன். காலையிலேயே விட்டிருந்தேன்.

மே 15, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் வேலை என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டுக் களம்பூர் பஸ் ஏறினேன். பையில் வெற்றிலை பாக்கு, மாம்பழம் ஆறு. வழி முழுக்க முதல் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன்.

இறங்கிய இடத்திலேயே மாமா. அக்காவின் கணவர், அரிசி ஆலையில் கணக்கர்.

"இன்னாபா வாத்தியாரே, இந்தப் பக்கம்?"

வாய் தன்னால் சொன்னது: "அரிசி வாங்கலாம்னு."

"உங்க பக்கத்துல ஆரணியில இல்லாத அரிசியா?"

"இங்க நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

ஆலைக்கு அழைத்துப் போனார். இருபத்தைந்து கிலோ மூட்டை. அவரே தோளில் தூக்கி வந்து பஸ் நிறுத்தத்தில் இறக்கினார். அறுபத்து மூன்று வயது. பையிலிருந்து மாம்பழ வாசனை அடித்துக்கொண்டிருந்தது. பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வூடு ரெண்டு தெருதான். வந்துட்டுப் போறியா?"

"வேல இருக்குது மாமா."

"வேற எதனா சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல."

வீட்டில் மல்லிகா மூட்டையைப் பார்த்து: "ஏங்க, ஸ்கூல்ல அரிசியா குடுத்தாங்க? உள்ள ஏற்கெனவே ரெண்டு மூட்டை நிக்குது." சேகரின் பிள்ளைகள் மாம்பழத்தைத் தின்று தீர்த்தார்கள். வெற்றிலை வாடிவிட்டது.

மே 18, திங்கள்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. சேகர் கம்பிகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சீட்டியடிக்கிறான்.

புதன்கிழமை எழுதியதில் ஒன்று பொய். 'நான் இல்லாத நேரம்' என்று எழுதினேன். ஏழு வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன். அக்கா தட்டோடு வந்த அன்று நான் தெருமுனை வரை வந்தேன். வாசலில் மாமாவின் வண்டி. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். அவளும் உள்ளே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மல்லிகா பிறகு சொன்னாள்.

தபால் நிலையத்தில் இன்லேண்டு கடிதம் வாங்கி வந்தேன். போனில் என் குரல் எழும்பாது. இன்னொரு முறை போனால் இன்னொரு மூட்டை அரிசிதான் வரும்.

மூன்று தாள் கிழித்தபின் நின்றது:

'லலிதா அக்காவுக்கு. 24 ஞாயிறு மாலை ஆறு மணி, நம் வீட்டில் எல்லோரும் கூடுகிறோம். நீ மாடி ஏற வேண்டாம், அடுப்பைக் கீழே வாசலில் வைக்கச் சொல்கிறேன். மாமாவோடு வா. நீ பத்திரிகை கொண்டுவந்த அன்று நான் தெருமுனை வரை வந்து, வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன்.'

கடைசி வரியை அடித்தேன். அது இல்லாமல் கடிதம் வெறும் காகிதமாக இருந்தது. திரும்ப எழுதினேன்.

கீழே 'இப்படிக்கு' என்று போட்டதும் பேனா நின்றுவிட்டது. பெயர் போட்டால் அந்த வரியை அடிக்கத் தோன்றுகிறது. வரி இருந்தால் பெயர் போடக் கை வரவில்லை. அரை மணி நேரம் இதே. இரண்டில் ஒன்றுதான் என்னால் முடியும்.

மூன்று மணிக்குத் தபால் பெட்டியைத் திறப்பார்கள். மணி இரண்டு நாற்பது.

வரி இருக்கட்டும். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.