டிபன் மூடியின் நிழல்

உன் டிபன் மூடி என் மேசையில்தான் இருக்கிறது. இன்று மதியம் புனே கராடியில் ஒரு புதுக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு அதை எடுத்துப் போனேன். நீ இறந்து இரண்டு வருஷமாகிறது. இருந்தாலும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முன்பு நாம் இருவரும் புனே போசரியில், வெயிலில் தண்ணீர் காய்ச்சும் சோலார் ஹீட்டர் செய்யும் கம்பெனியில் இருந்தோம். வரைபடம் என் வேலை, மாடி மாடியாக ஏறிப் பொருத்துவது உன் வேலை. அந்த மார்கழியில் தண்ணீர் சரியாகச் சூடாகவில்லை என்று வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். முதலாளி கண்ணாடியைக் குறை சொன்னார், குழாயைக் குறை சொன்னார். நீ பலகையை நிறுத்தும் தாங்கியின் சாய்வைப் பார்த்தாய். நாகர்கோவிலில் நான் போட்டுப் பழகிய சாய்வையே புனேவுக்கும் போட்டுத் தொலைத்திருந்தேன்.

"சூரஜ் தோ ஏக் ஹீ ஹை," என்றார் முதலாளி. சூரியன் ஒன்றுதானே என்று அவருக்குச் சிரிப்பு. நீ சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, மூடியை உச்சிவெயிலுக்கு நேராகப் பிடித்தாய். நிழல் வட்டமாக விழாமல் நீளமாக விழுந்தது.

"பாத்தியாட்டி, ஒரு மூடி வெயிலு இம்புட்டுத் தரைக்குப் பங்கு போவுது. நம்மூர்ல சூரியன் இன்னும் மேல நிக்கும், நெழலு இம்புட்டு நீளாது. வடக்க போகப் போக வெயிலு சாஞ்சுல்லா விழும். பலகையத் தூக்கி அதுக்கு நேரா நிறுத்தணும்."

அதையே முதலாளியிடம் இந்தியிலும் சொன்னாய். அவர் கேட்கவில்லை. நீயே ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், தாங்கியின் பின்னங்கால்களுக்குச் செங்கல் வைத்தாய். தண்ணீர் சுட்டது. கேட்காமல் தொட்டது யார், தப்பாக வரைந்தது யார் என்று அவர் கத்தினார். இரண்டுக்கும் "நான்தான்" என்றாய். அன்றே உன்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

"நீ வாயத் தொறக்காத. நான் எங்கயும் பொழச்சுக்கிடுவேன்," என்று கிளம்பினாய். நானும் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. மூடியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாய்.

இன்று அந்த மாடியில் புது மேனேஜர் தில்லிக்கும் சென்னைக்கும் ஒரே வரைபடம் போதும், கையெழுத்துப் போடு என்றார். நான் மூடியை வெயிலில் பிடித்துக் காட்டினேன். மாட்டேன் என்றேன். அன்றைய தப்பு வரைபடம் நான் போட்டது, பழியை நீ சுமந்தாய் என்று அத்தனை பேர் முன்னாலும் உன் பெயரோடு சொன்னேன்.

நாளை என்னையும் அனுப்பலாம். அனுப்பட்டும். மூடியை மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன்.