மஞ்சக்குட்டைக்குப் போகாத சேதி

என் செல்லப் பூங்கொடிக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. உன் வீட்டுப் படியை நான் இன்னும் மிதிக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எல்லார் கண்ணிலும் படும்படி இதை எழுதுகிறேன்.

நமக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது உனக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது. ஆஸ்பத்திரி வார்டில் ஏற்காட்டு மலையிலிருந்து நாம் இரண்டு பேர்தான், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சிவப்பு மருந்து ஏற்றும் நாளில் நீ என் கட்டிலுக்கு வந்து ஒட்டிக்கொள்வாய். இருவரும் பிழைத்தோம். முடி வளர்ந்தது, பள்ளிக்கூடம் போனோம். எல்லாம் அதோடு முடிந்தது என்று நம் இரண்டு குடும்பமும் நினைத்தது.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அம்மா ஆஸ்பத்திரி ஃபைலை விறகடுப்பில் போட்டார். "இனிமே இந்தப் பேச்சே ஊட்டுல வரக்கூடாது" என்றார். உன் கல்யாணத்துக்கு முன்னால் பெரிய மனுஷி மாதிரி நானும் உனக்கு அதையே சொன்னேன். "அக்கா சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று நீயும் எரித்தாய். என் வாயை என்ன செய்தால் தகும்?

போன வருடம் நம் வார்டு நர்ஸம்மா போன் செய்தார். "சின்ன வயசுல அந்தச் சிவப்பு மருந்து ஏத்துனவங்களுக்கு நொம்ப வருஷம் கழிச்சு இருதயம் பலவீனமாகலாம் கண்ணு. எக்கோ எடுத்துப் பாக்கோணும். பூங்கொடி நம்பரு கெடைக்கல, நீ சொல்லிரு சாமி" என்றார். சரிங்க என்றேன்.

எங்கள் கடைக்குச் சரக்கு எடுக்கப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு, சேலத்துக்குப் போய் எனக்கு மட்டும் எக்கோ எடுத்துக்கொண்டேன். இருதயம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, சீக்கிரமே வந்துவிட்டீர்கள், மாத்திரையில் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். உனக்குச் சொன்னால் நீ அக்கா அக்கா என்று ஒண்டிக்கடை ஊரில் இருக்கும் எங்கள் கடைக்கே ஓடி வருவாய், என் மாமியார் காதில் எல்லாம் விழும். அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன்.

கடைசியில் நீயே வந்தாய். கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினாய். கால் வீங்கியிருந்தது.

"ஏனுங்கக்கா, நாலு எட்டு வெச்சா உங்களுக்கும் மூச்சு வாங்குதுங்களா? டாக்டரு வீசிங்னு மருந்து குடுத்திருக்காருங்க. கேக்கவே மாட்டேங்குது."

உள்ளேயிருந்து மாமியார், "யாரு வந்திருக்கறது, ஷமீமா?" என்றார்.

நான் உன் முகத்தைப் பார்த்து, "என்ன வேணுமுங்க?" என்று கேட்டேன். யாரோ ஒரு வாடிக்கைக்காரியிடம் கேட்பது போல. யா அல்லாஹ், அந்தக் குரல் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

நீ என்னையும், மாமியார் குரல் வந்த பக்கத்தையும் பார்த்தாய். பிறகு, "ஒரு ஊக்கு அட்டை குடுங்க" என்றாய். என்னைக் காட்டிக்கொடுக்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். என் மாத்திரை அப்போது மேசை டிராயரில்தான் இருந்தது.

மூன்றே மாதம். சேலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தபோதுதான் இருதயம் என்று கண்டுபிடித்தார்களாம். முன்பே தெரிந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? என் டாக்டரிடம் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிட ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். அவ்வளவு கேவலமானவள் நான்.

நேற்று என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சின்னப் புள்ளையில வந்த நோவுக்கு உன்னைய என்ன பண்ணிருவேன்? இதுக்குப் பயந்துக்கிட்டா ஒரு புள்ளைய உட்டுட்ட?" என்றார். மாமியார் அழுதார். யாரும் என்னைத் துரத்தவில்லை பூங்கொடி. துரத்தியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நாளைக்கு முதல் ஜீப்பில் மஞ்சக்குட்டைக்கு வருகிறேன். உன் அம்மாவிடமும் உன் வீட்டுக்காரரிடமும் நடந்ததை நடந்தபடியே சொல்வேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன் அம்மா கொடுத்துவிடுவார், அதுதான் பயம். நர்ஸம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கும் நம் வார்டுப் பிள்ளைகளை நானும் சேர்ந்து தேடுவேன். என் கதையை முதலில் சொல்லிவிட்டுத்தான் அவர்களிடம் பேச்சையே ஆரம்பிப்பேன். இது சத்தியம்.

கீழே எழுதப்போகும் வார்த்தைக்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நீ என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லையே.

உன் அக்கா,
ஷமீமா